கதையை இதழுக்கு அனுப்புவது எப்படி, திரும்பி வந்தால் என்ன செய்வது

தமிழ் இதழுக்குக் கதை அனுப்புகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, மறுப்புக் கடிதம் பெரும்பாலும் வராது என்பதைத்தான். ஒரு காலத்தில் 'சுயமுகவரியிட்ட, போதிய தபால்தலை ஒட்டிய உறை இணைத்தால் மட்டுமே படைப்பு திருப்பி அனுப்பப்படும்' என்று இதழின் உள்பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டிருப்பார்கள். உறை வைத்தவருக்கு 'பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்' என்று அச்சடித்த சீட்டோடு கதை வீடு திரும்பும். தபால்காரர் கையில் அந்தத் தடித்த உறையைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிடும். மின்னஞ்சல் வந்தபிறகு அந்தச் சீட்டும் போய்விட்டது. இப்போது மறுப்பு என்றால் மௌனம்.

மௌனத்தில் உள்ள தொல்லை, அது எப்போது முடிந்தது என்று தெரியாதது. 'இன்னும் படிக்கவில்லையோ, அடுத்த மாதம் வருமோ' என்று ஒரே கதையை வருஷக்கணக்கில் காத்துக்கிடக்கச் செய்கிறவர்கள் உண்டு. அதனால் கதையை அனுப்பும்போதே அந்த மௌனத்துக்கு ஒரு கெடு வைத்துவிட வேண்டும். அதற்கு முன்பு செய்ய வேண்டியவற்றை வரிசையாகப் பார்ப்போம்.

எந்த இதழ்?

எல்லா இதழுக்கும் பொருந்துகிற கதை என்று ஒன்று கிடையாது. குமுதத்தின் ஒரு பக்கக் கதைக்குக் கடைசி வரியில் ஒரு திருப்பம் வேண்டும். அதே திருப்பத்தோடு காலச்சுவடு, உயிர்மை போன்ற இலக்கிய இதழுக்கு ஒரு கதை போனால் எடுபடுவது கஷ்டம். செம்மலரும் தாமரையும் இடதுசாரி இயக்கங்களை ஒட்டி வளர்ந்தவை. உழைக்கும் மக்களின் வாழ்க்கை அங்கே இயல்பாக இடம் பிடிக்கும். அறிவியல் புனைவு எழுதுகிறவருக்கு அரூ என்ற இணைய இதழ் இருக்கிறது. சொல்வனம் 2009-லிருந்து இணையத்தில் மாதம் இருமுறை வருகிறது. மலேசியாவிலிருந்து வல்லினம், இலங்கையிலிருந்து ஜீவநதி, ஞானம் என்று தமிழ்நாட்டுக்கு வெளியேயும் கதவுகள் உண்டு. சிற்றிதழ்கள் திடீரென்று நிற்கும், திடீரென்று மறுபடி வரும். அனுப்பும் முன் அண்மை இதழ் வந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

விற்பனையை வைத்து இதழை எடை போட வேண்டாம். 1959-ல் சி.சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' சிறிய சந்தாதாரர் வட்டத்துக்குள்ளேயே ஓடிய பத்திரிகை. புதுக்கவிதைக்குத் தமிழில் கால் ஊன்ற இடம் கிடைத்தது அதில்தான். யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா 1966-ல் தொடங்கிய 'மல்லிகை' நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வந்தது. பெரிய பத்திரிகை எட்டிப் பார்க்காத ஊர்களிலிருந்து எழுதியவர்களுக்கும் அது இடம் கொடுத்தது.

குறி வைத்திருக்கும் இதழின் கடைசி ஆறு பிரதிகளை எடுத்து உட்காருங்கள். நூலகத்தில் கிடைக்கும், இல்லையென்றால் ஒரு வருஷச் சந்தா கட்டிவிடுங்கள். கதைகள் எவ்வளவு நீளம், வட்டார வழக்கில் உரையாடல் வருகிறதா, முடிவை விளக்கிச் சொல்கிறார்களா, வாசகனிடம் விட்டுவிடுகிறார்களா என்றெல்லாம் பாருங்கள். அப்புறம் இன்னொரு கணக்கும் போடுங்கள்: அந்த ஆறு இதழ்களில் நீங்கள் இதுவரை கேள்விப்படாத பெயர்கள் எத்தனை? ஒன்றுகூட இல்லையென்றால் அது தெரிந்த எழுத்தாளர்களிடம் கேட்டு வாங்கிப் போடுகிற இதழ். அங்கே முதல் கதையை அனுப்பி ஆறு மாதம் இழக்க வேண்டாம். நாலைந்து புதுப் பெயர் தென்பட்டால் உங்களுக்கும் இடம் உண்டு.

கதையின் முதல் பக்கம்

இலக்கிய இதழின் ஆசிரியர் பெரும்பாலும் வேறு வேலையும் பார்க்கிறவர். இரவு சாப்பிட்டுவிட்டு, வந்து குவிந்த கதைகளைத் திறக்கிறவர். மாத இதழில் கதைக்கு ஒதுக்கும் இடம் இரண்டு மூன்றுதான். உங்கள் கதைக்கு அவர் தரும் முதல் வாய்ப்பு ஒரு பக்கம். அதற்குள் கதை தொடங்கியிருக்க வேண்டும்.

நிறையக் கதைகள் இப்படித் தொடங்குகின்றன: 'காலை மணி ஆறு. அலாரம் அலறியது. போர்வையை விலக்கிக்கொண்டு எழுந்தான் முருகேசன். ஜன்னல் வழியே சூரியன் எட்டிப் பார்த்தது.' அடுத்துப் பல் துலக்குகிறான், காபி குடிக்கிறான், பஸ்ஸில் தொங்குகிறான். மூன்றாம் பக்கத்தில் இந்த வரி வருகிறது: 'அப்பாவின் தையல் மிஷினை அண்ணன் எடைக்குப் போட்டுவிட்டான் என்று அம்மா போனில் சொன்னாள்.'

கதை அங்கேதான் இருக்கிறது. முன்னால் உள்ள இரண்டு பக்கத்தையும் வெட்டிவிட்டு இந்த வரியை முதல் வரியாக வைத்துப் பாருங்கள். அண்ணன் யார், அம்மா ஏன் போனில் சொல்கிறாள், எடைக்குப் போடுகிற அளவுக்கு என்ன நடந்தது என்று மூன்று கேள்விகள் ஒரே வரியில் கிளம்பிவிடுகின்றன. முருகேசன் பல் துலக்கியது தெரியாமல் போனதால் யாருக்கும் நஷ்டமில்லை.

கடைசிப் பத்தியையும் இப்படியே சோதியுங்கள். 'உறவுகள் பொருள்களை விடப் பெரியவை என்று அவனுக்குப் புரிந்தது' என்கிற மாதிரி ஒரு வரி இருந்தால் எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். பத்தில் எட்டுக் கதைகளுக்கு அது இல்லாமலே முடிவு நிற்கும். நின்றால் அப்படியே விட்டுவிடுங்கள்.

பிழை திருத்தம் அலுப்பான வேலைதான், ஆனால் தவிர்க்க முடியாது. 'முயற்ச்சி', 'சுவற்றில்', 'என்னைப் பொருத்தவரை' இந்த மூன்றும் முதல் பக்கத்திலேயே வந்தால் ஆசிரியரின் நம்பிக்கை அங்கேயே குறைந்துவிடும். முயற்சி, சுவரில், பொறுத்தவரை. எழுத்துப்பிழைக்கு 'வாணி', சந்திப்பிழைக்கு 'நாவி' என்று நீச்சல்காரன் என்ற கணினி நிரலாளர் உருவாக்கிய இலவசத் திருத்திகள் இணையத்தில் இருக்கின்றன. அவை சொல்வதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டாம். வட்டார வழக்கு உரையாடலை அவை பிழை என்றுதான் காட்டும். போனில் பேசித் தட்டச்சு செய்கிறவர்கள் ல, ள, ழ மூன்றையும் தனியாக ஒருமுறை பார்த்துவிடுங்கள். கடைசியாக ஒருதரம் வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு தடுக்குகிற இடம் வாசகனுக்கும் தடுக்கும்.

கோப்பு

யூனிகோடில் தட்டச்சு செய்த வேர்ட் கோப்பு, அவ்வளவுதான். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததை அப்படியே அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை மாதிரி தெரியும். யூனிகோடுக்கு மாற்றித் தரும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை முழுக்கப் படியுங்கள், கொம்பும் காலும் இடம் மாறியிருக்கும்.

பிடிஎஃப் வேண்டாம். அதிலிருந்து தமிழை நகலெடுத்தால் எழுத்துகள் சிதறும், பக்கம் வடிவமைப்பவர் திட்டுவார். கையெழுத்தைப் படம் பிடித்து வாட்ஸாப்பில் அனுப்புவதும் வேண்டாம். கையால் எழுதித்தான் பழக்கம் என்றால், தபாலில் வந்ததை ஏற்கும் இதழ்கள் இன்னும் உண்டு. தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதி, பக்க எண் போட்டு, நகல் ஒன்றைக் கட்டாயம் கையில் வைத்துக்கொண்டு அனுப்புங்கள்.

கோப்பின் பெயர் 'கதை ஃபைனல் நியூ 2' என்று இருக்கக் கூடாது. கதைத் தலைப்பும் உங்கள் பெயரும் இருந்தால் போதும். வண்ண எழுத்து, அலங்கார எல்லைக்கோடு, இணையத்தில் எடுத்த படம் எதுவும் வேண்டாம். கவிதை என்றால் ஒன்றை மட்டும் அனுப்பாமல் ஐந்தாறு சேர்த்து ஒரே கோப்பாக அனுப்புங்கள். உங்கள் குரல் என்ன என்று தெரிய அவ்வளவு வேண்டும். மின்னஞ்சலுக்குள்ளேயே கவிதையை ஒட்டினால் வரிகள் உடைந்துபோகும், இணைப்பாகவே வையுங்கள்.

மொழிபெயர்ப்புக்கு ஒரு கூடுதல் வேலை: மூல ஆசிரியரின் அல்லது பதிப்பாளரின் அனுமதி. இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை இருக்கும். அனுமதி வாங்கியிருந்தால் கடிதத்தில் சொல்லிவிடுங்கள்.

கடிதம்

நீண்ட கடிதம் எழுதுகிறவர்கள் கதைக்குப் பயப்படுகிறார்கள் என்பது என் எண்ணம். 'சிறு வயதிலிருந்தே எழுத்தின் மீது தீராத காதல்' என்பதையோ, கதையின் சுருக்கத்தையோ, நண்பர்கள் பாராட்டியதையோ அதில் எழுத வேண்டியதில்லை. இவ்வளவு போதும்:

'ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம். 'எடைக்கல்' என்ற சிறுகதையை இத்துடன் அனுப்பியுள்ளேன். சுமார் 2,200 சொற்கள். இது என் சொந்தப் படைப்பு. அச்சிலோ இணையத்திலோ வெளிவந்ததில்லை, வேறு எந்த இதழின் பரிசீலனையிலும் இல்லை. மூன்று மாதத்துக்குள் தகவல் இல்லையெனில் வேறு இதழுக்கு அனுப்பலாம் என்று எடுத்துக்கொள்கிறேன். நன்றி.'

கீழே பெயர், புனைபெயர் இருந்தால் அதுவும், முகவரி, தொலைபேசி எண், இரண்டு வரியில் அறிமுகம். இயற்பெயரை விட்டுவிட வேண்டாம். சன்மானம் தருகிற இதழ் புனைபெயரில் காசோலை போட்டுவிட்டால் வங்கியில் அதை மாற்றப் பெரும்பாடு.

கடிதத்தில் உள்ள உறுதிமொழியை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முகநூலில் முழுக்கதையைப் போட்டு நூறு விருப்பக்குறி வாங்கியபின் அதையே அனுப்பினால், பெரும்பாலான ஆசிரியர்கள் வெளிவந்த கதையாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். ஒரே நேரத்தில் இரண்டு இதழுக்கு அனுப்புவதையும் தமிழில் பொறுத்துக்கொள்வதில்லை. இரண்டு இதழும் ஒரே மாதத்தில் போட்டுவிட்டால் இரண்டு கதவும் மூடிவிடும். இலக்கிய வட்டம் சிறியது, எல்லோரும் எல்லோரிடமும் பேசுவார்கள்.

கெடுவும் ஏடும்

ஒரு நோட்டில் கோடு போட்டு ஐந்து கட்டம் பிரியுங்கள்: கதை, இதழ், அனுப்பிய நாள், கெடு நாள், பதில். இதழ் தன் விதிமுறையில் கால அளவு சொல்லியிருந்தால் அதுதான் கெடு. சொல்லவில்லையென்றால் மூன்று மாதம். அனுப்பும் அன்றே கெடு நாளை எழுதிவிடுங்கள். பிறகு மனநிலைக்குத் தகுந்தபடி நாளைத் தள்ளிப்போடத் தோன்றாது.

நவம்பர் முதல் ஜனவரி வரை பதில் தாமதமானால் அதற்கு வேறு காரணம் இருக்கலாம். இலக்கிய இதழ் நடத்துகிறவர்களில் பலர் பதிப்பகமும் நடத்துகிறார்கள்; காலச்சுவடு, உயிர்மை இரண்டுமே அப்படித்தான். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி. அந்த மாதங்களில் அவர்கள் அச்சகத்துக்கும் அலுவலகத்துக்குமாக ஓடிக்கொண்டிருப்பார்கள். அந்தச் சமயத்தில் அனுப்பியதற்கு ஒரு மாதம் கூட்டிக்கொள்ளலாம். தீபாவளி மலர், பொங்கல் மலர் இவற்றுக்கு எழுதுகிறவர்கள் இரண்டு மூன்று மாதம் முன்பே அனுப்ப வேண்டும். ஐப்பசியில் தீபாவளிக் கதை அனுப்பிப் பயனில்லை.

கெடு வந்ததும் ஒரு நினைவூட்டல், இரண்டே வரி: 'இந்த நாளன்று அனுப்பிய இந்தக் கதை பற்றித் தகவல் அறிய விரும்புகிறேன்.' போன் செய்வதோ, முகநூலில் ஆசிரியர் போட்ட கோவில் படத்துக்குக் கீழே 'சார், என் கதை?' என்று கேட்பதோ வேண்டாம். இன்னும் இரண்டு வாரம் பார்த்துவிட்டுத் திரும்பப் பெறும் கடிதம்: 'மேற்படி கதையை வேறு இதழுக்கு அனுப்ப விரும்புவதால் பரிசீலனையிலிருந்து நீக்கிவிட வேண்டுகிறேன். நன்றி.' கோபம், குத்தல் எதுவும் வேண்டாம். அனுப்பிய அன்று மாலையே கதை அடுத்த இதழுக்குப் போகலாம். அடுத்த இதழ் எது என்பதையும் முன்பே நோட்டில் எழுதி வைத்திருந்தால், சோர்ந்திருக்கும் நாளில் யோசிக்க வேண்டியதில்லை.

பதில் வந்தால் அதை எப்படிப் படிப்பது

'தங்கள் படைப்பைப் பரிசீலித்தோம். பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம். தொடர்ந்து எழுதுங்கள்.' இது எல்லோருக்கும் போகிற வரி. 'தொடர்ந்து எழுதுங்கள்' என்பதில் ஊக்கமும் இல்லை, கிண்டலும் இல்லை. நோட்டில் குறித்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

'கதை நன்றாக இருக்கிறது, முடிவு அவசரமாக முடிந்துவிட்டது' என்று ஒரு ஆசிரியர் எழுதினால் நிலைமையே வேறு. நேரமில்லாத ஒருவர் உங்கள் கதையைக் கடைசி வரை படித்து, யோசித்து, கை நோக எழுதியிருக்கிறார். அந்தக் கடிதத்தை மறுப்பு என்று கோப்பில் போட்டு மூடுகிறவர்கள் அதிகம், பாவம். 'திருத்தி அனுப்பினால் பார்க்கிறோம்' என்று அதில் இருந்தால் அழைப்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே இரவில் இரண்டு வரி மாற்றித் திருப்பி அனுப்பினால் காரியம் கெட்டுவிடும். இரண்டு மூன்று வாரம் எடுத்து உண்மையாகவே திருத்துங்கள். சொன்ன திருத்தம் கதையையே கொன்றுவிடும் என்று தோன்றினால், நன்றி சொல்லி மறுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. அதே ஆசிரியருக்கு அடுத்த கதையை அனுப்பும்போது முந்தைய கடிதத்தை ஒரு வரியில் நினைவுபடுத்துங்கள்.

எந்த மறுப்புக்கும் வாதம் செய்து பதில் எழுதாதீர்கள். 'தங்கள் இதழில் வரும் கதைகளை விட இது எவ்வளவோ மேல்' என்று எழுதத் தோன்றும். எழுதுங்கள், அனுப்பாமல் வைத்திருங்கள்.

மனசு

கதை திரும்பினால் வலிக்கத்தான் செய்யும், இரண்டு நாள் எரிச்சலாகத்தான் இருக்கும். அந்த இரண்டு நாளில் கதையைத் திறக்காதீர்கள். அப்போது பார்த்தால் நல்ல வரியும் மட்டமாகத் தெரியும், கண்டபடி வெட்டத் தோன்றும்.

பெரிய மருந்து ஒன்று உண்டு: ஒரே நேரத்தில் மூன்று கதைகளாவது வெவ்வேறு இடங்களில் இருக்கட்டும். ஒரே கதை மட்டும் வெளியே போயிருந்தால் மின்னஞ்சல் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் பரீட்சை முடிவு பார்க்கிற மாதிரி வயிறு கலங்கும். மூன்று இருந்தால் ஒன்று திரும்புவது அந்த வாரத்துச் செய்தி, அவ்வளவுதான். இன்னொன்று, அனுப்பியதை ஊர் முழுக்கச் சொல்லி வைக்காதீர்கள். சித்தப்பாவிலிருந்து அலுவலகத் தோழர் வரை 'கதை என்னாச்சு?' என்று கேட்கத் தொடங்கினால் ஒரு மறுப்பு பத்து மறுப்பாகிவிடும்.

'அவங்க ஆளுங்களுக்குத்தான் போடுவாங்க' என்ற பேச்சு எப்போதும் இருக்கும். அதில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். தமிழ்ச் சிற்றிதழ்கள் பிறந்ததே அணிகளாலும் சண்டைகளாலும்தான். ஒத்த ரசனை உள்ள நாலு பேர் சேர்ந்து நடத்துகிற இதழில் அந்த ரசனை ஆட்சி செய்யாமல் என்ன செய்யும்? ஆனால் கதை திரும்பும்போதெல்லாம் அந்தக் காரணத்தையே எடுத்து வைத்துக்கொண்டால் கதையை மறுபடி பார்க்கவே மாட்டோம். ஆறு இதழ்களில் புதுப் பெயர்களை எண்ணச் சொன்னது இதற்குத்தான். அந்தக் கணக்கு கையில் இருந்தால் உண்மை எவ்வளவு, புலம்பல் எவ்வளவு என்று பிரித்துவிடலாம்.

நாலைந்து இடத்திலிருந்து ஒரே கதை திரும்பினால், அடுத்த இதழுக்கு அனுப்பும் முன் இரண்டு வாசகர்களிடம் கொடுங்கள். இருவரும் உங்கள் மேல் ரொம்பப் பிரியம் உள்ளவர்களாக இல்லாமல் இருந்தால் நல்லது. பக்கத்து ஊரில் இலக்கியக் கூட்டம் நடந்தால் அங்கே அப்படிப்பட்டவர்கள் கிடைப்பார்கள். 'நல்லா இருக்கா?' என்று கேட்டால் 'நல்லா இருக்கு' என்றுதான் பதில் வரும். 'படிக்கும்போது எந்த இடத்தில் போனைக் கையில் எடுத்தீங்க?' என்று கேளுங்கள். இருவரும் ஒரே பக்கத்தைக் காட்டினால் கோளாறு அங்கேதான் இருக்கிறது. ஒருவர் ஆறாம் பக்கத்தையும் மற்றவர் இரண்டாம் பக்கத்தையும் காட்டினால் கதை உங்கள் ரசனைப்படியே இருக்கட்டும், அனுப்பிக்கொண்டே இருங்கள்.

சில கதைகள் திருத்தினாலும் எழுந்திருக்காது. அவற்றை எடுத்து வைத்துவிடலாம். அதில் வரும் பெரியம்மாவோ ஒரு சண்டைக் காட்சியோ இன்னொரு கதைக்குப் பயன்படும்.

காசு கேட்பவர்கள்

மறுப்பில் சோர்ந்திருக்கும்போதுதான் இந்தத் தூண்டில் வரும். 'நூறு கவிஞர்கள், ஒரே நூல், உலக சாதனை. நுழைவுக் கட்டணம் செலுத்தினால் சான்றிதழும் கேடயமும் உண்டு.' அனுப்புகிற எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்கிற தொகுப்பில் உங்கள் கவிதை வந்தது யாருக்கும் எதையும் சொல்லாது. பணம் கட்டித்தான் தீர வேண்டும் என்றால் அந்தத் தொகைக்கு இரண்டு இதழ்களுக்குச் சந்தா கட்டுங்கள்.

நல்ல போட்டிகளும் உண்டு. நடுவர்கள் பெயர் அறிவிப்பிலேயே இருக்கிறதா, பரிசு பெறாத கதையின் உரிமை யாருக்கு என்று சொல்லியிருக்கிறார்களா, இரண்டையும் பாருங்கள். 'போட்டிக்கு வந்த அனைத்துப் படைப்புகளின் உரிமையும் எங்களுக்கே' என்று இருந்தால் வேண்டாம், விட்டுவிடுங்கள்.

ஏற்றுக்கொண்டால்

'தங்கள் கதை அடுத்த இதழில் வெளியாகிறது' என்று கடிதம் வந்ததும் நன்றி சொல்லி ஒரு வரி எழுதுங்கள். சில இதழ்களில் அதுவும் வராது, கடையில் புரட்டும்போது உங்கள் பெயர் கண்ணில் படும். அதனால் கெடு முடியும் வரை ஒவ்வொரு இதழையும் பார்த்துவிடுங்கள். அச்சுக்கு முன் சரிபார்க்கத் திருத்தப் படி (புரூஃப்) அனுப்பினால் அச்சுப்பிழையை மட்டும் திருத்துங்கள். பக்கம் கட்டிய பிறகு புதுப் பத்தி சேர்க்கச் சொல்கிறவரை எந்த ஆசிரியரும் மறக்க மாட்டார்.

சிற்றிதழ்களில் சன்மானம் குறைவு, பல இடங்களில் கிடையாது. ஒரு பிரதி வரும். எழுதி முடித்ததுமே பதிப்புரிமை உங்களுடையது, பதிவு செய்யத் தேவையில்லை. இதழில் வந்ததாலேயே அது இதழுக்குப் போய்விடாது. உரிமையை முழுவதுமாக மாற்றிக்கொடுக்க இந்தியச் சட்டப்படி கையெழுத்திட்ட எழுத்து வேண்டும். அதிலும் காலம் குறிப்பிடவில்லையென்றால் ஐந்து ஆண்டுகள் என்றே கொள்ளப்படும். அப்படி ஏதாவது தாளில் கையெழுத்துக் கேட்டால் நிதானமாகப் படித்துவிட்டுப் போடுங்கள்.

கதை வந்த பக்கங்களை ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். இணைய இதழ் என்றால் சுட்டியோடு பக்கத்தையும் சேமித்துவிடுங்கள், தளங்கள் மறைந்துபோவது சாதாரணம். நோட்டில் இதழின் பெயரையும் மாதத்தையும் ஆண்டையும் எழுதுங்கள். பத்துப் பன்னிரண்டு கதைகள் சேர்ந்து தொகுப்பு போடும்போது, எந்தக் கதை எங்கே எப்போது வந்தது என்று பதிப்பாளர் முதலில் கேட்பது அந்தப் பட்டியலைத்தான்.